படத்தில் முயல் ஏன் கலங்குகிறது? ஃபிளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்குப் பிழை நீக்கும் வழி

கெட்டுப்போன படத்தை உடனே அழித்துவிடாதீர்கள். கோளாறு எங்கே என்று சொல்லப்போவது அதுதான். கேமராவிலோ ஃபோனிலோ எதையும் மாற்றும் முன், அந்தப் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: முயலின் கண், அதன் காலடியில் இருக்கும் தரை, அதற்குப் பின்னால் இருக்கும் ஏதாவது ஒரு பொருள்.

தரை, முயல், பின்னணி மூன்றும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. காலடித் தரை துல்லியமாக இருந்து முயல் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது முயல். முயலுக்கு ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ தரையில் ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தால் ஃபோகஸ் அங்கே போய்விட்டது. எங்குமே துல்லியம் இல்லை, இழுபட்ட தடமும் இல்லை, விளக்கைச் சுற்றி மட்டும் ஒளிவட்டம் தெரிகிறது என்றால் லென்ஸைத் துடையுங்கள். கேரட் கொடுத்த கையோடு ஃபோனைப் பிடித்திருப்பீர்கள். ஏசி அறையில் இருந்த கேமராவைப் புழுக்கமான ஹாலுக்குக் கொண்டுவந்ததும் எடுத்தாலும் கண்ணாடியில் ஈரம் படிந்து இதே தோற்றம் வரும். அதைத் துடைக்க வேண்டாம், பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் தானே போய்விடும்.

இந்த நான்குக்கும் மருந்து வெவ்வேறு. பிரித்துப் பார்க்காமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றுவதுதான் நிறையப் பேர் செய்வது. ஃபோகஸ் தவறிய படத்துக்கு அதனால் கிடைப்பது மணல் தூவியதுபோன்ற கூடுதல் புள்ளிகள் மட்டுமே.

ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். முயலும் கினிப் பன்றியும் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனம். கண்ணெதிரே திடீரென்று ஒளி வெட்டினால் உறைந்து நிற்கும், அல்லது கட்டிலுக்கு அடியில் ஓடும். சிவப்புக் கண் கொண்ட வெள்ளை முயலுக்குக் கண்ணில் நிறமி இல்லை என்பதால் வெளிச்சம் இன்னும் உறுத்தும். கூண்டில் இருக்கும் லவ் பேர்ட்ஸ் இரவில் மிரண்டால் இருட்டில் கம்பியில் மோதி இறகை உடைத்துக்கொள்ளும். படம் போனால் போகட்டும்.

முழுப்படமும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

இது எளிதில் தீர்வது. லென்ஸின் குவிய நீளம் எவ்வளவோ அதற்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு: 50 எம்எம் என்றால் 1/50 நொடி. சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கொண்ட கேமராவில் படம் ஒன்றரை மடங்கு நெருங்கித் தெரிவதால் அதே லென்ஸுக்கு 1/80. தரையில் குப்புறப் படுத்து இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டால் அதற்குக் கீழேயும் போகலாம். சிறிய துணிப்பையில் அரிசி நிரப்பி அதன்மேல் கேமராவை வைத்தால் முக்காலி தேவையில்லை. முயலின் கண்மட்டத்துக்கு இறங்கி வருகிற முக்காலி கிடைப்பதும் அரிது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: லென்ஸிலோ ஃபோனிலோ இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கையை மட்டும்தான் சரிசெய்யும். முயலின் மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை.

தரை தெளிவு, முயல் மட்டும் கலங்கல்

பத்தில் ஏழெட்டுப் படங்கள் இங்கேதான் விழும் என்பது என் கணிப்பு. ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் முயல் அசைந்துவிட்டது. எவ்வளவு வேகம் வேண்டும் என்பது அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலை நீட்டிப் படுத்திருந்தால் 1/60 போதும். உட்கார்ந்து மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தால் 1/125. அப்போதும் மீசை சற்றே மங்கும், அது அழகுதான். முகம் கழுவும்போது 1/250. ஹாலில் துள்ளி ஓடும்போது 1/500-க்குக் கீழே முயற்சி செய்வது வீண். ஹாம்ஸ்டர் விழித்திருக்கும் நேரமெல்லாம் 1/250 என்றே வைத்துக்கொள்ளுங்கள். லவ் பேர்ட்ஸ் தலையை வெட்டி வெட்டித் திருப்பும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவே ஒரு நொடி அசையாமல் நிற்கும்.

இந்த வேகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவில் ஒற்றை எல்இடி டியூப் எரியும் ஹாலில் தரைமட்டத்தில் சுமார் 80 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 3200, கேமராவோடு வந்த லென்ஸில் எஃப் 5.6 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறைய ஒளி கூடும்) என்றால் கிடைக்கும் ஷட்டர் வேகம் 1/30. அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் போட்டால் 1/320. அதனால்தான் எல்லோரும் 50 எம்எம் எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் பகலில் ஜன்னலுக்கு அரை மீட்டர் தள்ளி 1000 லக்ஸ் சாதாரணமாகக் கிடைக்கும். அங்கே அந்தப் பழைய லென்ஸே, அதே எஃப் 5.6-இல், 1/400 கொடுக்கும். முயலின் பாயை ஜன்னலோரம் இழுத்துப்போடுவதற்குக் காசு எதுவும் ஆகாது.

ஜன்னல் என்றால் எந்த ஜன்னல்? ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னலைச் சொல்லும். அங்கே வடக்கில் நேரடி வெயில் அநேகமாக வராது. நம் ஊரில் அது பாதி வருடத்துக்குத்தான் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். கன்னியாகுமரியில் இது இன்னும் முன்னதாகவே தொடங்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வெயில் உள்ளே விழும், கம்பி நிழலோடு. முயலின் முதுகில் வரிக்குதிரைக் கோடுகள் தெரிந்தால் காரணம் இதுதான். மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் வெயில் பரவிவிடும். இன்னொன்று, கொசுவலை. தூசி படிந்த வலை வெளிச்சத்தைக் கணிசமாகத் தின்றுவிடும். படமெடுக்கும் நேரத்துக்கு வலைக்கதவைத் திறக்கலாம், பறவையையோ பூனையையோ வெளியே விட்டிருந்தால் கூடாது.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் முயலின் முகம் இருட்டினால் வெள்ளை வேட்டியை நாற்காலியில் விரித்து ஒளியைத் திருப்பி அனுப்பலாம். தெர்மாகோல் அட்டை இன்னும் நன்றாக வேலைசெய்யும், ஆனால் முயல் அதைக் கடித்துத் தின்றுவிடும். எட்டாத தூரத்தில் வையுங்கள்.

கேமராவில் செய்யவேண்டியது: ஷட்டர் வேகத்தை நீங்கள் நிர்ணயித்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, அதற்கு 6400 என்று ஓர் உச்சவரம்பு வையுங்கள். பிறகு ஒற்றைப் படம் எடுக்காமல் ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். முயல் மென்றுகொண்டே இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் நடுநடுவே நிறுத்தும். பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் காதை நிமிர்த்தி ஒரு நொடி சிலையாக நிற்கும். இரண்டாவது தடவைக்கும் நிற்கும், அதற்குமேல் அதை ஏமாற்ற முடியாது.

ஃபோன் படத்தில் முயலுக்கு மூன்று காது

ஃபோனின் நைட் மோட் வேலை இது. ஒரு நொடியிலிருந்து மூன்று நொடி வரை பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும். கோயில் கோபுரத்துக்கு அது அற்புதம். அசையும் உயிருக்கு இரட்டைக் காதும் பேய் மீசையும்தான் மிஞ்சும். நைட் மோடை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/125-இல் வைத்து, ஐஎஸ்ஓவை 800 முதல் 1600 வரை ஏற்றிப் பாருங்கள். படம் கொஞ்சம் இருண்டாலும் பரவாயில்லை.

லென்ஸ் தேர்வும் முக்கியம். ஃபோனில் உள்ளவற்றில் அதிக ஒளி வாங்குவது பெரும்பாலும் 1 எக்ஸ் லென்ஸ்தான். 3 எக்ஸ், 5 எக்ஸ் என்று தட்டினால் இருட்டில் ஃபோன் சத்தமில்லாமல் முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுப்பதும் உண்டு. மிக அருகே போனாலும் சிக்கல். 2021-இல் வந்த ஐஃபோன் 13 ப்ரோ முதலான மாடல்கள், பொருள் நெருங்கியதும் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். அதன் சென்சார் சிறியது, படம் அங்கேயே சரியும். திரையில் பூப்போன்ற குறி தெரிந்தால் அதைத் தட்டி அணைத்துவிட்டு ஒரு முழம் பின்னால் வாருங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

போர்ட்ரெய்ட் மோடை நான் முயலுக்குப் பயன்படுத்துவதே இல்லை. காது ஓரத்து ரோமத்தையும் மீசையையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடுகிறது.

மூக்கு துல்லியம், கண் மங்கல்

எஃப் 1.8 வாங்கியவர்களின் அடுத்த புகார் இது. சிறிய சென்சார் கேமராவில் 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து ஒரு மீட்டரில் எடுத்தால், துல்லியமாகத் தெரியும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. அரை மீட்டருக்கு நெருங்கினால் அது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. வளர்ந்த முயலின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். நேருக்கு நேர் எடுத்தால் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

எஃப் 2.8-க்கு மூடலாம், கொஞ்சம் பின்னால் நகரலாம். இரண்டையும்விட நல்ல வழி பக்கவாட்டில் போவது. முயல், கினிப் பன்றி, பறவை எல்லாவற்றுக்கும் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. பக்கத்திலிருந்து எடுத்தால் கண், மூக்கு, இந்தப் பக்கத்து மீசை எல்லாம் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்துவிடும், எஃப் 1.8-ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம். முயலுக்கு மூக்குக்கு நேர் எதிரே ஒரு சிறு பகுதி கண்ணுக்கே தெரியாது என்பதால், கொத்தமல்லித் தழையை நேராக நீட்டுவதைவிடப் பக்கத்தில் காட்டினால் சட்டென்று கவனிக்கும். அதன் பக்கவாட்டுப் பார்வை உங்கள் மேலும் அப்போது இருக்கும்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்தச் சிறு திருப்பமே இரண்டு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள்.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது

ஆட்டோஃபோகஸுக்கு வேண்டியது வேறுபாடு. கறுப்பு முயலின் விலாப்புறத்தில் அது எதைப் பிடிக்கும்? கண்ணின் ஓரம், காதின் விளிம்பு, மீசை முளைக்கும் இடம் போன்றவற்றில் புள்ளியை வையுங்கள். விலங்குக் கண்ணைத் தேடும் வசதி உங்கள் கேமராவில் இருந்தாலும் அதை முழுதாக நம்பவேண்டாம். சோனி 2019-இல் ஏ7 வரிசைக்கு இதைக் கொடுத்தபோது நாய், பூனையை மனத்தில் வைத்துத்தான் கொடுத்தது. புதிய கேமராக்கள் பறவைகளையும் சேர்த்திருக்கின்றன. ஹாம்ஸ்டரைச் சில கேமராக்கள் விலங்கு என்றே ஒப்புக்கொள்வதில்லை. அப்போது ஒற்றைப் புள்ளிக்குத் திரும்புங்கள். அல்லது தழையை ஓர் இடத்தில் வைத்து, அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, கைமுறைக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். முயல் வரும்.

கூண்டுக் கம்பி துல்லியமாகவும் பறவை மங்கலாகவும் வந்தால் இதன் கிளைதான். லென்ஸைக் கம்பிக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்தால் கம்பி கரைந்து மறைந்துவிடும். பறவை கூண்டின் பின்பக்கத்தில் இருக்கவேண்டும். கம்பிமேல் வெளிச்சம் விழக்கூடாது. ஹாம்ஸ்டரின் கண்ணாடித் தொட்டி என்றால் லென்ஸைக் கண்ணாடியில் பதித்து, உங்களுக்குப் பின்னால் எரியும் விளக்கை அணையுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டியை லென்ஸில் மாட்டச் சொல்வார்கள். ஏற்கெனவே பற்றாக்குறையாக இருக்கும் ஒளியில் பாதிக்கு மேல் அது எடுத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு வேண்டாம்.

குறுக்கே கறுப்புப் பட்டைகள், அல்லது ஒரு படம் வெளிச்சம் மறுபடம் இருட்டு

முயல் மிரளாமல் இருக்கச் சத்தமில்லா ஷட்டரைப் போட்டீர்கள், சரிதானே? மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான எல்இடியும் பழைய சோக் டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். வேகமான ஷட்டரில் சில வரிகள் பிரகாசத்திலும் சில வரிகள் மங்கலிலும் விழுந்து பட்டையாகத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும்.

1/100 முயலுக்குப் போதாதே என்றால் வழிகள் இருக்கின்றன. இயந்திர ஷட்டருக்கு மாறினால் பட்டை பெரும்பாலும் குறையும், ஆனால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறலாம். கேமராவில் ஃபிளிக்கர் தடுப்பு இருந்தால் அது விளக்கு உச்சத்தில் எரியும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். இல்லையென்றால் விளக்கை மாற்றுங்கள். ஃபோனின் ஸ்லோ மோஷனில் விளக்கைப் படமெடுத்தால் எது துடிக்கிறது, எது நிலையாக எரிகிறது என்று தெரிந்துவிடும். பேட்டரியில் எரியும் எமர்ஜென்சி லைட்டை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பிவைத்தால், பெரும்பாலும் துடிப்பில்லாத மென்மையான ஒளி கிடைக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த கேமராவாக இருந்தால் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும், 50-க்கு மாற்றுங்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்து படிப்பவர்கள் 1/60, 1/120 என்று வைத்துக்கொள்ளவேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் நம்மைப்போல 50-தான்.

இதற்கெல்லாம் அடங்காமல் வெளிச்சம் ஏறி இறங்கினால் மேலே பாருங்கள். சீலிங் விளக்குக்குக் கீழே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

வெள்ளை முயல் சாம்பலாக, கறுப்பு முயலும் சாம்பலாக

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயற்சி செய்யும். வெள்ளை முயல் சட்டகத்தை நிறைத்தால் வெளிச்ச ஈடுசெய்தலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +0.7 அல்லது +1 என்று ஏற்றுங்கள், கறுப்பு முயலுக்கு -0.7 இறக்குங்கள். இதில் ஒரு வினோதம்: இருட்டறையில் வெள்ளை முயல்தான் கடினம், ஏனென்றால் அதற்குத்தான் கூடுதல் ஒளி கேட்கிறோம். கறுப்பு முயலுக்கு இறக்கும்போது ஐஎஸ்ஓ தானாக இறங்கும்.

நிறம் கெட்டிருந்தால், எத்தனை வகை ஒளி என்று எண்ணுங்கள். ஜன்னல் ஒளியோடு மஞ்சள் பல்பும் எரிந்தால் முயலின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. எந்த வெண்சமநிலையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) இரண்டையும் சேர்த்துத் திருத்தாது. ஒன்றை அணைக்கவேண்டும். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவரும் வெள்ளை ரோமத்தில் தன் நிறத்தைப் பூசும்; சுவரிலிருந்து ஓரடி நகர்த்தினாலே குறையும். வெண்சமநிலையை வேட்டியை வைத்து அமைப்பவர்கள் கவனிக்க: சொட்டு நீலம் போட்ட வேட்டி வெள்ளையே இல்லை.

ரோமம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது

புள்ளிகளை அழிக்கும் மென்பொருள் ரோமத்தையும் சேர்த்து அழித்திருக்கிறது. கேமராவிலேயே நடக்கும் புள்ளி நீக்கத்தைக் குறைத்து, ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். ஐஎஸ்ஓ 800-இல் இருட்டாக எடுத்துப் பிறகு வெளிச்சமேற்றுவதால் புள்ளி குறைந்துவிடாது, பல கேமராக்களில் கூடும். 3200-இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படமே மேல். மிச்சப் புள்ளிக்கு, 2023-இல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் வந்த ஏஐ புள்ளி நீக்கம் போன்றவை ரோமத்தை ஓரளவு மதிக்கின்றன. முழு வலிமையில் ஓட்டினால் இல்லாத ரோமத்தையும் வரைந்து வைக்கும், பாதியில் நிறுத்துங்கள்.

கண் உயிரில்லாமல் இருக்கிறது, அல்லது எரிகிறது

கறுப்புக் குழியாகத் தெரியும் கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை. முயல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியிருக்கிறது; பாயோடு திருப்புங்கள். பூனைக்குட்டியின் கண் பச்சையாக எரிந்தால், ஃபிளாஷ் இல்லாவிட்டாலும் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து ஏதோ ஓர் ஒளி போயிருக்கிறது. ஃபோன் டார்ச், அல்லது கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கு. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளிதெறிக்கும் படலம் அதை அப்படியே திருப்பி அனுப்புகிறது. அந்த விளக்கை அமைப்பில் அணையுங்கள், பீப் ஒலியையும் சேர்த்து.

படம் துல்லியம், ஆனால் முயல் விறைத்திருக்கிறது

காது முதுகோடு ஒட்டி, கண் பிதுங்கி, உடல் தரையில் பதுங்கியிருந்தால் பயந்திருக்கிறது. பின்னங்காலால் தரையைத் தட்டினால் அபாயம் என்று அறிவிக்கிறது. அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் கேமராவை வெறுமனே பாயின் பக்கத்தில் வைத்து, அது மோந்து பார்த்துத் தாடையால் உரசும் வரை தொடாதீர்கள். அசையாமல் இருக்கட்டும் என்று முயலை மல்லாக்கப் படுக்கவைத்து எடுக்கும் படங்கள் இணையத்தில் நிறைய. அது தூக்கமோ சொகுசோ இல்லை, பயத்தில் உறைவது.

ஹாம்ஸ்டர் பகலில் விறைப்பாகத் தெரிந்தால் தூக்கத்தில் எழுப்பியிருக்கிறீர்கள். இருட்டிய பிறகுதான் அதற்குப் பொழுது விடியும். எலியினங்களுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. ஆய்வுக்கூடங்களில் இரவு விலங்குகளைச் சிவப்பு விளக்கில் கவனிப்பது அதனால்தான். மங்கலான சிவப்பு எல்இடியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளுங்கள், நிறத்தைப் பற்றிய கவலையும் அதோடு போய்விடும்.

ஹாலஜன் விளக்கைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறத் தொடங்கும். மே மாதத்தில் அதிகாலை ஜன்னல் வெளிச்சத்தோடு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.